குரைக்கிற நாயும் ஒரு புகார்தாரர்தான்

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு மேல் செய்தி வந்தால் ஒன்று தண்ணீர் மோட்டாராக இருக்கும், இல்லாவிட்டால் நாயாக இருக்கும். மோட்டார் விஷயம் காலையில் பிளம்பர் வந்தால் முடிந்துவிடும். நாய் விஷயம் அப்படி முடிவதில்லை. "யார் வீட்டு நாய் இப்படிக் கத்துது?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எதிர் பில்டிங்" என்று பதில் வரும். அடுத்த நிமிடமே ஒருவர் போலீஸைக் கூப்பிடச் சொல்வார், இன்னொருவர் நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டுவார். குழுவிலேயே நாய் வளர்க்கிற இரண்டு குடும்பங்கள் மனம் நொந்து வாயே திறக்காமல் இருந்துவிடும்.

மந்தைவெளியில் எங்கள் தெருவில் நடந்ததை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. இதே சண்டை தி. நகரில் என் தோழி வீட்டில் நடக்கிறது, அடையாறில் என் சித்தப்பா வீட்டில் நடக்கிறது. எல்லா இடத்திலும் நாய்க்கு ஒரு கட்சி, நாய்க்கு எதிராக ஒரு கட்சி என்று பிரிந்து நிற்கிறார்கள். எனக்கு அந்தப் பிரிவினையே தப்பாகப் படுகிறது. மணிக்கணக்கில் குரைக்கிற நாய் சந்தோஷமாக இருக்கிற நாய் இல்லை. அதற்கு ஏதோ குறை இருக்கிறது, அதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறை தீர்ந்தால் நம்முடைய குறையும் தீரும்.

இந்தப் பக்கத்துத் தெருக்களை முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்தவர்களுக்குத் தெரியும். மயிலாப்பூர், மந்தைவெளி, காந்தி நகர், தி. நகரின் உள் தெருக்கள் எல்லாம் தனி வீடுகள். காம்பவுண்ட் சுவர், இரண்டு தென்னை, ஒரு மா, பின்னால் கிணறு. நாய் வாசலில் படுத்திருக்கும், போகிற வருகிறவர்களைப் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். இப்போது அதே மனையில் கீழே கார் பார்க்கிங், மேலே நான்கு மாடி. ஒரு வீட்டு பால்கனிக்கும் அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவில் சில அடிதான். அந்தச் சந்தில் எழும்பும் சத்தம் இரண்டு சுவரிலும் மோதிக்கொண்டு மேலே போகிறது. பெரிய நாய் பக்கத்தில் நின்று குரைத்தால் 90 டெசிபல் சாதாரணமாக வரும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பகலில் 55.

எதிர் பில்டிங்கில் இரண்டாவது மாடியில் இருந்தவன் லியோ. லேப்ரடார், வெளிர் மஞ்சள் நிறம், ஆறு வயது. என் மாமியார் படுக்கிற அறையின் ஜன்னல் அவன் பால்கனிக்கு நேர் எதிரே. மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இரவில் ஒரு தடவை தூக்கம் கலைந்தால் மறுபடி வராது, விடிகிற வரை உட்கார்ந்து ஜபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். பெண் அந்த வருஷம் பிளஸ் டூ. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி படித்தாள். அந்த வீட்டின் கதவைத் தட்டிக் கத்திவிட்டு வரலாம் என்று என் கணவர் கிளம்பிய இரவுகள் உண்டு.

அந்த நாட்களில் தெருவில் காதில் விழுந்த யோசனைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். "பிஸ்கட்டுல எதையாவது வெச்சுப் போட்டா முடிஞ்சுது" என்று ஒருவர், படித்தவர், சாதாரணமாகச் சொன்னார். கோபத்தில் சொல்வதுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. சென்னையில் தெரு நாய்களுக்கு விஷம் வைத்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விஷம் தின்ற நாய் சாவதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எப்படித் துடிக்கும் என்று பார்த்தவர்கள் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அப்படி யாராவது பேசினால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் மறுத்துச் சொல்லிவிடுங்கள்.

நான் முதலில் செய்தது எழுதி வைத்ததுதான். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நின்றது, அந்த நேரத்தில் தெருவில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன். சென்னையில் இதற்கென்று தனிப் படிவம் கிடையாது. ஆஸ்திரேலிய நகரங்களில் நாய்ச் சத்தத்துக்குப் புகார் கொடுத்தால் முதலில் இப்படி ஒரு குறிப்பேட்டைத்தான் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். பிரிஸ்பேன் மாநகராட்சியில் கணக்கே உண்டு: காலை 7 முதல் இரவு 10 வரை என்றால் ஒரு மணி நேரத்தில் மொத்தம் 6 நிமிடத்துக்கு மேல், மற்ற நேரத்தில் அரை மணியில் 3 நிமிடத்துக்கு மேல் குரைத்தால் அது தொந்தரவு. "எப்பப் பாத்தாலும் கத்துது" என்று சொல்வதை விட இந்த மாதிரி ஒரு அளவு கையில் இருப்பது நல்லது என்று நினைத்துத்தான் எழுதினேன்.

எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரிந்தது. விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தும்போது ஒரு சுற்று. பேப்பர் போடுகிற பையனுக்கு இன்னொரு சுற்று. இவை இரண்டும் சில நிமிடத்தில் அடங்கிவிடும். பத்து மணி வாக்கில் ஆரம்பிப்பதுதான் பெரியது. அது குரைப்பாகத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் நீளமான ஊளையாக மாறி, சாப்பாட்டு வேளை வரை போகும். நடு இரவில் முனையில் தெரு நாய்கள் சண்டை பிடித்தால் இவன் மேலேயிருந்து பதில் கொடுப்பான். அவை விட்டாலும் இவன் விடமாட்டான். பத்து மணிக்கு ஏன் என்பது கீழே இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டதில் தெரிந்தது. "அந்த நேரத்துலதான் சார் கதவைப் பூட்டிட்டு கோயிலு, பேங்க்குன்னு கெளம்புவாரு." ஆக, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்தான் அந்த ஊளை.

கையில் கொஞ்சம் முறுக்கோடு போய் லியோ வீட்டுக் கதவைத் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சத்தம் கேட்கிற நேரத்தில், கோபம் ஏறியிருக்கும்போது போகவே கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். வாட்ஸ்அப்பிலும் எழுதவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் ஒருவர் வீட்டைப் பற்றி எழுதிவிட்டால் அவர் இறங்கி வர வழியே இல்லாமல் போய்விடும்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். கதவைத் திறந்தவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"நாய் விஷயமாத்தானே வந்திருக்கீங்க? உள்ள வாங்கம்மா."

"ஆமாம் சார். ஆனா சண்டை போட வரல. அவன் ரொம்பக் கஷ்டப்படறான் போல இருக்கு. அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "இது என் பையன் வாங்கின நாய்ம்மா. அவன் இங்க இருந்த வரைக்கும் தினம் காலைல பட்டினப்பாக்கம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவான். இப்ப அவன் நியூ ஜெர்சில இருக்கான். எனக்கு முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு. இவன் இழுத்தா நான் விழுந்துடுவேன். மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போறதோட சரி. என் வைஃபும் பொண்ணோட பிரசவத்துக்குன்னு ஆறு மாசமா அங்கதான் இருக்கா. நான் என்ன பண்றது சொல்லுங்க?"

இந்தப் பகுதியில் எத்தனை வீடுகளில் இதே கதை! பிள்ளைகள் ஆசையாக வாங்கிய நாய், பிள்ளைகள் விமானம் ஏறிய பிறகு வயதான அப்பா அம்மாவின் கையில். அவர்களுக்கு அதன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. நடக்க முடியவில்லை, அவ்வளவுதான். வேட்டையில் சுட்ட பறவையைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வருவதற்காகக் குளிர் நாட்டில் உருவாக்கிய ஜாதி லேப்ரடார். அதை வாங்குகிறவர்கள் ஐந்து வருஷம் கழித்து யார் அதை நடத்திக்கொண்டு போவார்கள் என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

பால்கனியைக் காட்டினார். நாலடி அகலம். ஒரு பக்கம் வாஷிங் மெஷின், மேலே துணிக்கொடி, மூலையில் துளசித் தொட்டி. ஏசியின் வெளிப்பெட்டி சுவரில் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தது. அது கக்குகிற அனல்காற்று நேராக லியோ படுக்கிற இடத்தில் அடித்தது. கிரில் கம்பியில் சங்கிலி. தண்ணீர்ச் சட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பு. முழங்கை எலும்பு தரையில் உராய்ந்து உராய்ந்து முடி போய்க் காய்த்திருந்தது. அடிக்கடி தலையை உதறி, காதைச் சொறிந்துகொண்டே இருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலில் சாய்ந்து நின்றான்.

இனி சட்டம். இதைத் தேடிப் படித்ததும் இதே சமயத்தில்தான், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய்ச் சத்தத்துக்கு என்றே தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு, கட்டுமான இயந்திரம் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியவை. வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாக இருந்தால் புகார் தரலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது, ஆனால் நடு இரவில் யார் வந்து அளப்பார்கள்? பொதுத் தொல்லை என்று போனால் நியாய சன்ஹிதா 292-ஆவது பிரிவில் அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவில் நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் தொந்தரவு என்றால் அது பொதுத் தொல்லை ஆகாது, தெருவில் பலரும் சேர்ந்து கேட்க வேண்டும். 100-க்குப் போன் செய்தால் ரோந்து வண்டி வரும், இரண்டு தரப்பையும் அனுசரித்துப் போகச் சொல்லும், போய்விடும். நாய் மறுநாளும் அங்கேதான் இருக்கும், ஆனால் அந்த வீட்டோடு நமக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாமா? போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் கொடுத்த வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. நாய் வளர்ப்பதைச் சங்கம் தடுக்க முடியாது, இந்த ஜாதி கூடாது, இந்த அளவு கூடாது என்றும் சொல்ல முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லவும் முடியாது. குரைப்பு இயற்கை என்றும் அது சொல்கிறது. அதே வழிகாட்டுதல் உரிமையாளர்களைப் பார்த்தும் ஒன்று சொல்கிறது: இடைவிடாத குரைப்பு பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாதிக்கும், முக்கியமாக இரவு நேரத்தில் நாயை அமைதியாக வைத்துக்கொள்ள முயற்சி எடுக்க வேண்டும். நாய் வளர்க்கிற நண்பர்கள் முதல் பாதியை மட்டும் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். இரண்டு பாதியும் சேர்ந்ததுதான் அந்தக் காகிதம்.

என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு. எவையெல்லாம் கொடுமை என்று அதில் ஒரு பட்டியல். அநியாயமாகக் குட்டையான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டி வைப்பது கொடுமை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கிற நாய்க்கு அதன் உரிமையாளர் போதிய நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவதும் கொடுமை. நாய்க்கென்றே, பேர் சொல்லி எழுதிய வரி அது. அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து, பால்கனியில் கட்டிக் கிடக்கிற நாயை நினைத்து அதை எழுதியிருக்கிறார்கள்!

அந்தச் சட்டம் பிறந்த கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அடையாறில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அடுத்த வருஷமே விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததும் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான், வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. வருத்தம் என்னவென்றால், முதல் தடவை குற்றத்துக்கு இன்றும் அதில் இருக்கிற அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இதைக் கூட்டியே ஆக வேண்டும். ஆனால் தொகை கிடக்கட்டும். சத்தத்துக்கு எதிராக நான் சொல்ல வேண்டியதை அந்தப் பிரிவு நாயின் பக்கம் நின்று சொல்கிறது. அதைப் படித்த பிறகு லியோவின் வீட்டுக்கு நான் போனது புகார் சொல்ல என்ற உணர்வே போய்விட்டது.

பிரிவு எண்ணை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தேவை உதவி.

முதல் வேலை டாக்டர். குரைப்பு திடீரென்று கூடினால் முதலில் உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருந்தால் நாய் அமைதி இழக்கும். வயதான நாய்க்குக் காது மந்தமாகி, மூளை தளர்ந்து, ராத்திரியில் இடம் தெரியாமல் குரைப்பது உண்டு. லியோவுக்கு இரண்டு காதிலும் பூஞ்சைத் தொற்று. தொங்குகிற காது, சென்னையின் கசகசப்பு, இரண்டும் சேர்ந்தால் இது சகஜம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து போட ஆரம்பித்ததும் ராத்திரிச் சத்தம் பாதியாகக் குறைந்தது. இப்படித் தனியார் கிளினிக்குக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு மாநகராட்சியின் செல்லப்பிராணி மருத்துவமனைகள் இருக்கின்றன, நம் பக்கத்தில் தி. நகர் கண்ணம்மாபேட்டையிலும் ராயப்பேட்டை லாயிட்ஸ் காலனியிலும். வேப்பேரியில் 1903-இலிருந்து இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது.

இரண்டாவது, நடை. அடுத்த தெருவில் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், நாய் என்றால் உயிர். மாசச் சம்பளம் பேசி விட்டோம். காலையில் ஐந்தரைக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும், ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும். சித்திரை வைகாசியில் ஒன்பது மணித் தார் ரோட்டில் நம்மால் வெறுங்காலோடு நிற்க முடியாது, லியோவின் பாதமும் பாதம்தான். கழுத்துப் பட்டை, தோல்வார், கழிவை எடுக்கப் பை, இவை இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியாயிற்று. தெருவில் கழிவை விட்டுவிட்டு வந்தால் சத்தப் பிரச்சினை போய் அசிங்கப் பிரச்சினை வரும். முதல் நாள் பட்டினப்பாக்கம் மணலில் லியோ ஓடியதை அந்தப் பையன் வீடியோ எடுத்து அனுப்பினான். பெரியவர் அதை நியூ ஜெர்சிக்கு அனுப்பினார்.

மூன்றாவது, இடம். சங்கிலி போயிற்று. பால்கனிக் கதவு பகலில் திறந்தே இருக்கும், அவன் கூடத்துக்கும் பால்கனிக்கும் போய் வரலாம். ராத்திரி 10 மணிக்கு மேல் படுக்கை உள்ளே, பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில். தெரு தெரியாமல் கிரில்லின் கீழ்ப்பாதியில் மூங்கில் தட்டி கட்டினோம். பால்காரரின் சைக்கிள் கண்ணில் படாவிட்டால் குரைப்பும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போகிற நேரத்துக்கு டாக்டர் ஒரு வழி சொன்னார். உள்ளே குடைந்த ரப்பர் பொம்மையில் தயிரை அடைத்து ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது கொடுக்க வேண்டும். ரொம்ப நேரம் நக்கிக்கொண்டிருப்பான். கூடவே ரேடியோ ஓடும். தனியாக விடுகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், கிளம்பும்போதும் வரும்போதும் கொஞ்சல் ஆர்ப்பாட்டம் கூடாது. இது ஒரே நாளில் பலிக்கிற வைத்தியம் இல்லை. பத்து மணி ஊளை அடங்கத்தான் அதிக நாள் பிடித்தது.

கடையில் விற்கிற சில சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரைத்தால் ஷாக் அடிக்கிற கழுத்துப் பட்டை வேண்டாம். பயத்தில் குரைக்கிற நாய்க்கு வலியையும் சேர்த்துக் கொடுத்தால் அது கடிக்க ஆரம்பிக்கும். குரல் நாண்களை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை பற்றி யாராவது பேசினால், தயவு செய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து நாம் அதட்டிக் கத்துவதும் பயன்படாது, கூட நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

தெரு நாய்கள் விஷயம் தனி. பெரியதும்கூட. 2024-இல் மாநகராட்சி எடுத்த கணக்கில் சென்னையில் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். 2018 கணக்கைப் போல மூன்று மடங்கு. இந்த ஊரில் ஒரு காலத்தில் மாநகராட்சியே நாய்களைப் பிடித்து மின்சாரம் வைத்துக் கொன்றது. 1959-இல் கேப்டன் சுந்தரம் குடும்பம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லை, கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும்தான் வழி என்று 1964 முதல் சொல்லிக்கொண்டே இருந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக் கொல்வதை நிறுத்த 1996 ஆயிற்று. பிறகு நாடு முழுவதற்கும் அதுவே விதியாயிற்று. 2025 ஆகஸ்டில் தில்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநாய்க்கடி நோய் உள்ளவை, ஆக்ரோஷமானவை தவிர.

எங்கள் முனைச் சண்டைக்குக் காரணம் சாப்பாடு. இரண்டு பேர் வேறு வேறு நேரத்தில், ஒருவர் குப்பைத் தொட்டி ஓரம், ஒருவர் எங்கள் கேட் ஓரம் சோறு வைத்தார்கள். இரண்டு கூட்டம் மோதிக்கொண்டது. 2023-இன் விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆவது விதி இதைப் பற்றித்தான். உணவு வைக்க ஓர் இடமும் நேரமும் குறித்துக் கொடுப்பது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. குழந்தைகள் விளையாடுகிற இடத்திலும் வாசற்படியிலும் வைக்கக் கூடாது. சோறு வைக்கிற இருவரையும் உட்கார வைத்துப் பேசினோம். சாயங்காலம் ஏழு மணி, டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் என்று முடிவாயிற்று. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லி மூன்று நாய்களைக் கருத்தடைக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ராத்திரிச் சண்டை அடியோடு போகவில்லை, ஆனால் ரொம்பவே குறைந்திருக்கிறது.

எல்லோருக்கும் எங்கள் பெரியவரைப் போன்ற அண்டை வீட்டார் அமைய மாட்டார்கள். தி. நகரில் என் தோழி வீட்டுக்குப் பின்னால் மொட்டை மாடியில் இரண்டு ஜெர்மன் ஷெப்பர்டு. உரிமையாளர் வேறு இடத்தில் குடியிருக்கிறார், கட்டடத்துக்குக் காவலாக நாய்களை விட்டிருக்கிறார். வேளைக்கு ஒருவர் வந்து சோறு வைத்துவிட்டுப் போகிறார். போய்க் கேட்டதற்கு, "நாய்னா குரைக்கத்தான் செய்யும், காதை மூடிக்கோங்க" என்று பதில். அங்கே நயமாகப் பேசுவதோடு நிற்க வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். நேரம் குறித்த தாள், தேதியோடு எடுத்த வீடியோ, பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் கையெழுத்து, இவற்றைச் சேர்த்து முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதிலேயே 11-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, வெயிலில் நிழல் இல்லாமல், நடை இல்லாமல் நாய்கள் கிடப்பதைச் சொல்ல வேண்டும். அடுத்தது உரிமம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், ஆண்டுக்கு 50 ரூபாய்தான், தடுப்பூசிச் சான்று வேண்டும். 2025 கடைசியிலிருந்து மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். கடிதத்துக்கு அசையாதவர்கள் இதற்கு அசைகிறார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், பின்னால் எங்கே போனாலும் அது உதவும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். அதற்கு முன்னால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போட்டால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், கட்டணம் இல்லை. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதலில் வந்தது நம் உயர் நீதிமன்ற வளாகத்தில்தான், 2005 ஏப்ரலில். ஓர் அறையில், மூன்றாவது மனிதர் ஒருவர் முன்னால், இரண்டு வீட்டாரும் ஒருவர் பேச்சை ஒருவர் முழுசாகக் கேட்கிற வாய்ப்பு கிடைக்கிறது. தோழி இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். இதற்கிடையில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. கடிதம் போன பிறகு மொட்டை மாடியில் ஷீட் கொட்டகை போட்டிருக்கிறார்கள், நாய்களுக்கு நிழல் கிடைத்திருக்கிறது. சத்தம் இன்னும் குறையவில்லை.

நாய் வளர்க்கிறவர்களுக்கும் ஒன்று. பக்கத்து வீட்டார் உங்களைத் தேடி வருவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். "புதுசா நாய்க்குட்டி வாங்கியிருக்கோம், கொஞ்ச நாள் ராத்திரி அழும், பொறுத்துக்கோங்க, எங்க நம்பர் இது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எவ்வளவோ கசப்பு வராமல் போகும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது உங்கள் நாய் என்ன பாடுபடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் வந்து சொன்னால் உங்கள் நாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லியோவின் எஜமானர் வைகாசியில் பேரனைப் பார்க்க நியூ ஜெர்சி போகிறார், ஆடி கடைசியில்தான் திரும்புவார். போர்டிங்கில் விட அவருக்கு மனசு இல்லை. பிளஸ் டூ முடிந்த என் பெண் அவனை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். மாமியாரிடம் கேட்டோம். "பூஜை அறைப் பக்கம் வரப்படாது, என் ரூம்ல வேணா படுத்துக்கட்டும்" என்றார். உரிமம், தடுப்பூசி அட்டை, டாக்டர் நம்பர், காலையில் கூட்டிப் போகிற பையனின் நம்பர் எல்லாம் ஒரு கவரில் போட்டு வாங்கி வைத்தாயிற்று. எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும்.